பதினெட்டு நாள் எலிகள்

இரண்டு ஆராய்ச்சி மாணவர்கள் தேவை என்று அவள் கொடுத்த விளம்பரத்துக்கு நாற்பத்தொரு விண்ணப்பங்கள் வந்தன. வயல் எலி, சுண்டெலி, மூஞ்சூறு என்று ஓரிடத்தில் கூடி வாழும் சின்னப் பிராணிகளிடையே நோய் எப்படிப் பரவுகிறது, அங்கிருந்து மனிதனுக்கு எப்படித் தாவுகிறது என்று பார்க்கும் வேலை. ஒரு பெண்ணின் விண்ணப்பத்தில் தகப்பன் பெயரைப் படித்ததும் அவள் கை நின்றது.

ஒன்பது வருஷத்துக்கு முன்னால் அந்தப் பெயருக்குரிய பேராசிரியரிடம்தான் அவள் மாணவியாக இருந்தாள். மூன்று வருஷம் விடியற்காலையில் சேற்றில் இறங்கி நூற்றிருபது கூண்டுகளைப் பார்த்திருக்கிறாள். பிடிபட்டதன் காதில் எண் போட்ட தகட்டைக் குத்தி, எடை பார்த்து, ஒரு சொட்டு ரத்தம் எடுத்து விட்டுவிடுவாள். கடைசியில் எலி ஜுரம் அவளையே பிடித்தது. பதினெட்டு நாள் ஆஸ்பத்திரி. சிறுநீரகம் தப்பியதே பெரிய காரியம். எழுந்து வந்தால், அவள் மேஜையில் பேராசிரியரின் தங்கை மகன் உட்கார்ந்திருந்தான். இந்த வேலை உன் உடம்புக்கு ஒத்துக்காதும்மா என்று பேராசிரியர் வாசல்வரை வந்து வழியனுப்பினார்.

எட்டு மாதத்தில் கட்டுரை வெளிவந்தது. மாமன் பெயர், மருமகன் பெயர் மட்டும். அவள் ஆஸ்பத்திரியில் கிடந்த பதினெட்டு நாளுக்கும் அதில் எலிகள் பிடிபட்டிருந்தன. ஜுரத்துக்குப் பயந்து அப்போது ஒரு ஆளும் வயல் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை என்று காவலாளி அவளிடம் சொல்லியிருந்தார். புகார் எழுதினாள். காய்ச்சலில் குழம்பிய பேச்சு என்று ஒதுக்கிவிட்டார்கள். பல்லைக் கடித்துக்கொண்டு வேறிடம் போய், வேறு வயலில் முதலிலிருந்து தொடங்கினாள்.

இப்போது அந்த வீட்டுப் பெண். நிராகரித்துவிடலாம்தான். ஆனால் அது வெறும் கிள்ளு. அவளுக்கு அது போதாது.

நேர்முகத்துக்கு வந்த பெண், அப்பாவிடம் சொல்லாமல் விண்ணப்பித்ததாகவும், அவர் தயவில் வந்தவள் என்ற பேச்சு தனக்கு வேண்டாம் என்றும் சொன்னாள். ஒரு கணம் அவள் மனசு இளகியது. அவ்வளவுதான். மற்றவர்களுக்கு வேறு தாள் கொடுத்திருந்தாள். இவளுக்கு அந்தக் கட்டுரையின் பட்டியல்களைப் பெயர் நீக்கிக் கொடுத்து, தப்பு இருந்தால் கண்டுபிடி என்றாள்.

நாற்பது நிமிஷத்தில் அந்தப் பெண் பென்சிலைக் கீழே வைத்தாள்.

"மேடம், இந்தப் பதினெட்டு நாளும் பொய்."

"எப்படிச் சொல்ற?"

"அதுக்கு முன்னாடி பிடிபட்டதுல பாதிக்கு ஏற்கெனவே காதுல தகடு இருக்கு. இந்த நாள்கள்ல ஒண்ணுகூடப் பழசு இல்ல. மழை பெஞ்ச அன்னிக்கும் அதே எண்ணிக்கை. யாரோ அறைக்குள்ள உக்காந்து எழுதியிருக்காங்க."

அவள் எழுந்து போய், கட்டுரையின் முதல் பக்கத்தை எடுத்துவந்து மேஜையில் வைத்தாள். அந்தப் பெண் படித்தாள். மறுபடி படித்தாள். அழவில்லை, காது மட்டும் சிவந்தது.

"எனக்குன்னே எடுத்து வெச்சீங்களா?"

"ஆமா. அந்த வயல்ல கூண்டு பாத்தது நான்தான், இந்தப் பதினெட்டு நாளும் ஆஸ்பத்திரில கிடந்தேன்."

அந்தப் பெண் பழைய வயல் நோட்டுகள் இருக்கின்றனவா என்று மட்டும் கேட்டு, நகல் வாங்கிக்கொண்டு போனாள்.

மூன்றாம் நாள் பேராசிரியர் போன் செய்தார். குரல் உடைந்திருந்தது.

"என்மேல இருக்கிற கோபத்துக்கு என் பொண்ணுதான் கிடைச்சாளா உனக்கு?"

"நீங்க சொன்னா எல்லாரும் நம்புவாங்க சார். நான் சொன்னப்ப யாரும் நம்பல. அதான், உங்களால மறுக்க முடியாத ஆளாப் பாத்தேன்."

அவர் போனை வைத்துவிட்டார்.

கட்டுரையை வெளியிட்ட ஆய்விதழுக்குக் கடிதம் எழுதியது மகள்தான். ஆறு மாதத்தில் கட்டுரை திரும்பப் பெறப்பட்டது. மருமகனுக்கு வேலை போயிற்று. பேராசிரியரை எல்லாக் குழுக்களிலிருந்தும் எடுத்துவிட்டார்கள். செய்தியைப் படித்த அன்று அவளுக்கு வயிற்றில் பால் வார்த்தது போலிருந்தது. வருத்தம் வருமா என்று கொஞ்ச நேரம் காத்துப் பார்த்தாள். வரவில்லை.

அதுவரை காலியாக வைத்திருந்த இரண்டாவது இடத்தைத் தருவதாக அந்தப் பெண்ணுக்கு எழுதினாள். ஒரே வரியில் பதில் வந்தது: "நீங்க செஞ்சது சரி மேடம், ஆனா உங்ககிட்ட வேலை பாக்க என்னால முடியாது."

வந்த நாற்பத்தொரு பேரில் அந்தப் பெண்ணைப் போல இன்னொருத்தர் இல்லை என்பது அவளுக்குத் தெரியும். பட்டியலில் அடுத்திருந்தவனை அழைத்து, கூண்டை எப்படித் திறக்க வேண்டும் என்று சொல்லிக்கொடுக்க ஆரம்பித்தாள்.