ஹார்ன் இல்லாமல் வந்த வேன்

கணவரை ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்குக் கூட்டிவரப் போன அன்றைக்குத்தானா வேன் மக்கர் பண்ண வேண்டும்?

அவரை எல்லாரும் வேன்காரர் என்றுதான் கூப்பிடுவார்கள். வீடு மாறுகிறவர்களின் கட்டில், பீரோ எல்லாம் அந்தப் பழைய வேனில்தான் ஊர் சுற்றும். வாய் ஓயாத மனிதர். நெஞ்சைத் திறந்து ஆபரேஷன் செய்த பிறகு அந்த வாய் மூடிக்கொண்டது. இதயம் நன்றாக வேலை செய்கிறது என்றார் டாக்டர். ஆனால் மனைவி எதைக் கேட்டாலும் ஒரு "ம்"தான் பதில். பக்கத்துக் கட்டில்காரர் சொன்ன ஜோக்குக்குக்கூட அவர் சிரிக்கவில்லை.

வேனை அவளே ஓட்டினாள். பக்கத்தில் அவருடைய தங்கை ஒரு தலையணையைக் கட்டிப்பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள். இருமினால் நெஞ்சில் அணைத்துக்கொள்ளத் தலையணை வேண்டும் என்று நர்ஸ் சொல்லியிருந்தார்.

வண்டி ஓடும்போது ஒன்றுமில்லை. சிக்னலில் நின்றதும் சூடு காட்டும் முள் ஏறியது, நகர்ந்தால் இறங்கியது. மூன்றாவது சிக்னலில் முள் சிவப்பைத் தொட்டுவிட்டது. ஒரு டயர் கடை ஓரமாக வண்டியை நிறுத்தி, என்ஜினை அணைத்து, பானெட்டைத் தூக்கினாள். அனல் முகத்தில் அடித்தது. அந்த நேரம் பார்த்து போன் அடித்தது. அவர்தான்.

"எங்க இருக்கீங்க?"

"டிராஃபிக்குங்க. இதோ வந்துடுவோம்."

"நம்ம வண்டி என்ஜின் சத்தமே கேக்கலையே."

அதற்கு மேல் அவளுக்குப் பொய் சொல்ல வரவில்லை. நாத்தனார் கண்ணை உருட்டித் தடுத்தும் எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள். போனை ஸ்பீக்கரில் போட்டாள்.

"ரேடியேட்டர் மூடியைத் தொடாதீங்க, கொதிக்கிற தண்ணி மூஞ்சியில அடிக்கும். ஓரத்துல வெள்ளை டப்பா இருக்கு பாரு, அதுல தண்ணி எவ்வளவு?"

"கோடு வரைக்கும் இருக்கு."

"அப்ப ஒழுகல. நின்னா சூடாகுது, ஓடினா ஆறுதுன்னா ஃபேன்தான். சாவியை எடுத்துட்டியா? சரி, ரேடியேட்டரை ஒட்டி விசிறி இருக்கும். சட்டுன்னு சுத்தினாலும் சுத்தும், கையை விடாதே. எதையாவது வச்சுத் தள்ளிப் பாரு."

நாத்தனார் தன் நீளக் காம்புச் சீப்பை எடுத்து இறக்கையைத் தள்ளினாள். "ஈஸியா சுத்துது அண்ணா."

"நல்லது, இறுகல. இப்ப பியூஸ் இருக்கிற கறுப்புப் பெட்டி மூடியைத் திற. உள்பக்கம் படம் போட்டிருக்கும்."

அவள் ஃபேனின் பியூஸைப் பிடுங்கி வெளிச்சத்தில் பார்த்தாள். உள்ளே கம்பி அறுந்திருக்கவில்லை; திரும்பச் சொருகினாள். என்ஜின் கொஞ்சம் ஆறியதும் ஸ்டார்ட் செய்து ஏசியைப் போடச் சொன்னார். ஏசி போட்டால் ஃபேன் சுற்றியாக வேண்டுமாம். அது அசையவே இல்லை.

"அப்ப ரிலேதான்!" அவர் குரல் ஏறியது. "ஆஃப் பண்ணு. கரண்டை விடுற ரிலேதான் அங்க சதுரமா சின்னச் சின்ன டப்பியா இருக்கும். ஃபேனுக்கும் ஹார்னுக்கும் நம்ம வண்டியில ஒரே டப்பிதான். ஹார்னோடதைப் பிடுங்கி ஃபேன் இடத்துல சொருகு. நேரா இழு, ஆட்டி ஆட்டி ஒடிச்சுடாதே! உன் அவசரம் எனக்குத் தெரியும்."

"என் அவசரத்தை வீட்டுல வந்து பேசுங்க" என்றாள் அவள். பேசிக்கொண்டே டப்பியை மாற்றிச் சொருகிவிட்டாள்.

நாத்தனார் சாவியைத் திருப்பி ஏசியைப் போட்டாள். 'டிக்' என்றது. விர்ரென்று ஃபேன் சுற்ற ஆரம்பித்தது. அண்ணி போனை ரேடியேட்டர் பக்கம் நீட்டினாள்.

"கேக்குதா?"

"கேக்குது, கேக்குது!" அவர் சிரித்தார். சிரிப்பு இருமலாக மாறியது. "ஐயோ, தலையணை" என்று முனகியபடி மறுபடி சிரித்தார். பின்னால் நர்ஸின் குரல் கேட்டது: "சார், ரெஸ்ட் எடுக்கச் சொன்னா இங்க உட்கார்ந்து ஒர்க்‌ஷாப் நடத்துறீங்களா?"

அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது. கிரீஸ் கையால் துடைத்ததில் கன்னமெல்லாம் கறுப்பு.

"என்ன அண்ணி, அதான் சரியாயிடுச்சே?"

"அதனாலதான்" என்றாள். டாக்டருக்கும் நர்ஸுக்கும் எத்தனையோ முறை நன்றி சொல்லியிருந்தாள். இப்போது கெட்டுப்போன ரிலேவுக்கும் சொல்லலாம் போலிருந்தது.

முள்ளைப் பார்த்துப் பார்த்து ஓட்டினாள். அது பாதிக்கு மேல் ஏறவில்லை. ஆஸ்பத்திரி வாசலில் சக்கர நாற்காலியில் காத்திருந்தவர், அவள் முகத்தைப் பார்த்ததும், "மெக்கானிக் வந்தாச்சு" என்றார்.

ஜன்னலோரம் உட்கார்த்தி, பெல்ட்டுக்கும் நெஞ்சுக்கும் நடுவே தலையணையை வைத்தார்கள். திரும்பும் வழியில் ஒரு ஆட்டோ குறுக்கே நுழைந்தது. அவள் பழக்கத்தில் ஹார்னை அழுத்தினாள். சத்தமே வரவில்லை. உடனே நாத்தனார் அண்ணனைத் தாண்டி ஜன்னலில் தலையை நீட்டி, "பாம் பாம்!" என்று கத்தினாள். ஆட்டோக்காரர் திடுக்கிட்டு ஒதுங்கினார்.

"என்னைச் சிரிக்க வைக்காதீங்கடி, தையல் இழுக்குது" என்று தலையணையை இறுக்கிக்கொண்டார் வேன்காரர். பிறகு, புது ரிலே எங்கே கிடைக்கும், பழைய ஃபேன் மோட்டார் இன்னும் எவ்வளவு தாங்கும் என்று வீடு வரைக்கும் பேசிக்கொண்டே வந்தார். அவள் ஒரு வார்த்தை குறுக்கே பேசவில்லை.