காளியாத்தாள் இன்னும் பேசவில்லை

1

"யானைய எடுத்துப்போடுங்கக்கா."

"ஏன், நல்லாத்தானே இருக்கு?"

"எங்க வாழைத் தோட்டத்துல பூந்துச்சுன்னு எழுதியிருக்கீங்க. எங்களுக்கு ஏதுங்க தோட்டம்? அம்மா கூலிக்குப் போறவங்க. யானை எங்க வரும், ஒத்த ரூமு லைன் ஊட்டுக்கா?"

கேட்டவள் சண்முகப்ரியா. தொண்டாமுத்தூரில் பிளஸ் டூ முடித்தவள். யானையை எழுதியவள் இனியா, கோவையில் கல்லூரி மாணவி. இந்தக் கதையை எழுதுகிறவளும் அவள்தான். சனிக்கிழமைகளில் இந்த ஊர் நூலகத்துக்கு வந்து இளையவர்களுக்கு வழிகாட்டுவது அவளுடைய பாடத்தில் ஒரு பகுதி. கடைசியில் அனுபவக் கட்டுரை தர வேண்டும். அவள் கதையாகத் தருகிறேன் என்று சொல்லிவிட்டாள். கதை பிறந்தது இப்படித்தான் வாசகரே, வேறு பெரிய காரணம் ஏதும் இல்லை.

2

முதல் தொடக்கம்: பனி பொழியும் ரயில் நிலையத்தில் அவள் தன் பெட்டியோடு...

(கைவிடப்பட்டது. மொழிபெயர்ப்பு நாவல்களாகவே படித்தால் இப்படித்தான் ஆகும். "நம்மூருக்கு ரயிலே இல்லீங்கக்கா" என்றாள் ப்ரியா. பனியைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. மரியாதை தெரிந்த பெண்.)

இரண்டாம் தொடக்கம்: வழிகாட்டியின் கையைப் பற்றிக் கண்ணீர் விட்ட அந்த ஏழைப் பெண்...

("இந்த அழுகாச்சியெல்லாம் எப்பங்க நடந்துச்சு?" என்று ப்ரியாவே அடித்துவிட்டாள். எழுதியதை இரக்கமில்லாமல் திருத்தச் சொல்லிக்கொடுத்தது இனியாதான். யாரை நோவது?)

3

உண்மையில் நடப்பது இதுதான். ப்ரியாவுக்கு ஈரோட்டில் இயற்பியல் படிக்க இடம் கிடைத்திருக்கிறது. விடுதியில் தங்க வேண்டும். திங்கட்கிழமைக்குள் சேராவிட்டால் இடம் போய்விடும். அவள் அம்மா காளியாத்தாள் சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. கேட்கும்போதெல்லாம் "பாக்கலாங் கண்ணு" என்கிறார்.

இனியாவிடம் இரண்டு முடிவுகள் இருந்தன. ஒன்றில் அம்மா மறுக்கிறார், மழை வருகிறது, படிக்கிறவர் கலங்கிப்போவார். மற்றதில் அம்மா விடுதிக்கென்று புது வாளியும் பூட்டும் வாங்கி வருகிறார்.

"முதல் முடிவு நல்லாயிருக்கில்ல?"

"கதைக்கு நல்லாத்தான் இருக்குங்கக்கா. எனக்கு?"

(இதற்குப் பிறகு எழுதியிருந்த மழை முழுவதும் அடிக்கப்பட்டது.)

4

அந்தத் திங்களுக்கு முந்தைய சனிக்கிழமைதான் நிறைவு நாள். அன்று வழிகாட்டிகள் தங்கள் எழுத்தை இளையவர்களின் வீட்டார் முன்னால் வாசிப்பது வழக்கம். காளியாத்தாள் வேலையிலிருந்து நேராக வந்து முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். இனியா வாசிக்க ஆரம்பித்தாள். ரயில் நிலையத்துக்கு எல்லோரும் சிரித்தார்கள், காளியாத்தாள் கொஞ்சம் அதிகமாகவே.

வாசகரே, எழுதுகிறவளுக்கு இங்கே ஒரு குறுக்குவழி உண்டு. வாளியும் பூட்டும் வரும் முடிவை வாசித்து, ஊரார் முன்னால் அந்த அம்மாவைச் சம்மதிக்க வைத்துவிடலாம். ப்ரியாவுக்கு இடம் கிடைக்கும். ஆனால் அது காளியாத்தாள் சொன்ன சொல்லாக இருக்காது, அவர் வாயில் திணித்த சொல்லாகத்தான் இருக்கும். அதனால்

(இந்த வாக்கியத்தை முடிக்கத் தெரியவில்லை.)

'அம்மா ப்ரியாவைப் பார்த்துச் சொன்னார்' என்பதுவரை வாசித்துவிட்டு இனியா நின்றாள்.

பக்கத்தில் இருந்த, கூடக் கூலிக்குப் போகும் ராசாத்தாள் காளியாத்தாளை முழங்கையால் இடித்தார். "அப்படி என்னடி சொன்ன?"

"எனக்கென்ன தெரியும், அவங்கதான எழுதிருக்காங்க" என்று காளியாத்தாள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். ப்ரியா தரையையே பார்த்தாள். காளியாத்தாள் இனியா பக்கம் நிமிர்ந்தார்.

"ஏனுங்கம்மணி, நிறுத்திப்போட்டீங்க? நா என்ன சொல்றேன்னு படிங்க, கேக்கலாம்."