அக்காவின் செல்கள்

கட்டியை அறுத்தெடுத்த அன்று அக்காவே மனமுவந்துதான் கொடுத்தாள். "குப்பையில போறதை நீயாவது உருப்படியா வச்சுக்கடி." ஆராய்ச்சிக்கூடத்தில் வேலை பார்த்த சின்னவள், அந்தச் சதைத் துணுக்கிலிருந்து செல்களைப் பிரித்துத் தட்டுகளில் வளர்த்தாள். மார்பகப் புற்றைக் கட்டிப்போடக்கூடும் என்று அவள் சந்தேகப்பட்ட ஒரு மரபணு, அக்காவின் செல்களில் வேலை செய்யாமல் வாயடைத்துக் கிடந்தது. அதன் நல்ல பிரதியை உள்ளே செலுத்திப் பார்த்தாள். கண்மண் தெரியாமல் பெருகிக்கொண்டிருந்தவை பெட்டிப் பாம்பாய் அடங்கின.

சந்தோஷம் தாங்காமல் மருத்துவமனைக்கு ஓடினாள். அதற்குள் நோய் எலும்புக்கும் ஈரலுக்கும் பரவியிருந்தது.

"அக்கா, நின்னுடுச்சு! உன் செல்லு வளரவே இல்ல!"

அக்கா தலையணையிலிருந்து எழப் பார்த்தாள். மொட்டைத் தலையில் வேர்வை. "அப்ப எனக்குப் போடு."

"அது தட்டுலதான்க்கா. இனிமே எலிக்குப் போட்டுப் பாக்கணும். அப்புறம் வருஷக்கணக்கா..."

அக்கா சிரித்தாள்; சிரிப்பு இருமலில் முடிந்தது. "ஏண்டி, எலிக்கு அப்புறம்தானா நான்? இதைச் சொல்லவா மூச்சிரைக்க ஓடி வந்தே?"

சின்னவள் அக்காவின் வேர்வையைத் துடைக்கப் போனாள். அக்கா தடுத்தாள்.

"எல்லாத்தையும் கொட்டிடு. நான் இங்க அழுகிக் கிடப்பேன், நீ அங்க என்னை வச்சுப் பேர் வாங்குவியா? கொட்டுறேன்னு என் மேல சத்தியம் பண்ணு."

சின்னவள் அக்காவின் கையைப் பிடித்துச் சத்தியம் செய்தாள். அக்கா கையை உதறிக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தாள். சாகும்வரை தங்கையிடம் ஒரு வார்த்தை பேசவில்லை.

சத்தியம் செய்த அன்றைக்கே ஆராய்ச்சிக்கூடத்துக்குப் போய், செல்களைக் கொல்லக் கிருமிநாசினிப் புட்டியைத் திறக்கவும் செய்தாள் சின்னவள். பிறகு மூடி வைத்துவிட்டாள்.

எல்லாம் முடிந்த பிறகு அக்கா புருஷன் கேட்டார்: "உன்கிட்டயாவது ஏதாவது சொன்னாளாம்மா?"

"ஆராய்ச்சியை விட்டுடாதேன்னு சொன்னா, மாமா."

அவர் குலுங்கிக் குலுங்கி அழுதார். "அவளுக்கு எப்பவும் உன்மேலதான் உயிரு."

மறுநாள் காலை, செல்கள் வளரும் வெதுவெதுப்பான பெட்டியை அவள் திறந்தாள். மரபணு செலுத்தாத தட்டுகளில் அக்காவின் செல்கள் விளிம்புவரை அப்பியிருந்தன. அவற்றைப் பிரித்துப் புதுத் தட்டுகளில் இட்டு, அவை வளர ஊட்டத் திரவம் ஊற்றினாள். கை நடுங்கவே இல்லை. அது அவளுக்கே அருவருப்பாக இருந்தது. ஆனாலும் அடுத்த தட்டை எடுத்தாள்.