சுரங்கத்தைத் தாண்டிய இரண்டு மீன்கள்

1

என் மாமனாரைக் காட்டிக்கொடுத்த பிறகுதான் இந்தக் கதையை எழுத உட்கார்ந்தேன். முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பின்னால் நீங்களாகக் கண்டுபிடித்தால் எனக்கு அசிங்கம்.

தொடக்கத்தை மூன்று முறை கிழித்தாயிற்று. ‘பனியுகம் முடிந்து ஆறுகள் இளகியபோது, கருங்கடல் பக்கமிருந்து டான்யூப் வழியே மேலேறிய ட்ரவுட் மீன்கள்—’ இதை யார் படிப்பார்கள்? ஆனால் இது இல்லாமல் கதையும் இல்லை. எங்கள் மலைமுகட்டுக்கு வடக்கே, டான்யூபில் போய்ச் சேரும் போஹின் பக்கத்து ட்ரவுட்டுக்கு உடம்பெல்லாம் சிவப்புப் புள்ளி. தெற்கே, ஏட்ரியாட்டிக் கடலுக்கு ஓடும் எங்கள் தண்ணீரில் இருப்பதற்குப் பளிங்குக் கோடுகள் மட்டும். பல லட்சம் ஆண்டுகளாக ஒன்றின் முகத்தை மற்றது பார்த்ததில்லை. பிறகு மலையைக் குடைந்து ரயில் விட்டார்கள். அந்தப் பக்கம் போகப் பத்தே நிமிடம்.

2

மாமனார் யெர்னேய் ரயில்வேயில் இருந்து ஓய்வு பெற்றவர். வீட்டுக்குப் பின்னால், கீழிருந்து மீன் ஏற முடியாத அருவிக்கு மேலே ஓடும் ஓடைக்கு முப்பது வருடமாகச் சம்பளமில்லாக் காவல். அருவிக்குக் கீழே எல்லாம் கலந்துபோய்விட்டது, மேலே மட்டும்தான் தூய பளிங்கு மீன் என்று ஊரே நம்பியது.

நான் மீன்களின் மரபணுவைப் பார்க்கும் ஆய்வகத்தில் வேலை செய்கிறேன். மே மாதம் அந்த ஓடையின் இருபது துடுப்பு நுனிகள் என் மேசைக்கு வந்தன. இருபதிலும் டான்யூப் ரத்தம். கலப்பு என்று அறிக்கை போனால், தண்ணீரில் மின்சாரம் பாய்ச்சி, மயங்கிய மீன்களை எல்லாம் அள்ளிக் கொன்றுவிட்டு வேறு குஞ்சுகளை விடுவார்கள்.

[இங்கே யெர்னேயை வில்லனாக்கிப் பார்த்தேன். மூக்கைக்கூடக் கொஞ்சம் நீட்டினேன். ஒட்டவில்லை.]

3

ஞாயிற்றுக்கிழமை மாட்டிறைச்சி சூப். என் மனைவி நேஷா ரொட்டி எடுக்க உள்ளே போன நேரம் பார்த்துக் கேட்டேன்.

“மாமா, ஓடையில யாரோ வேற மீனக் கொண்டாந்து விட்டிருக்காங்க.”

“யாரோ என்ன யாரோ. நாந்தான்.” கரண்டியைக் கீழே வைக்கவில்லை.

“ஏன் மாமா?”

“உங்க அத்தை* போஹின்காரி. கல்யாணமாகி வந்த புதுசுல நம்ம மீனப் பாத்துட்டு, ‘கழுவாத பாத்திரமாட்டம் இருக்கே’ன்னா. அப்புறம் ஜன்னல்கிட்ட உக்காந்து ஒரே அழுகை. அவ ஊர் மீனு ரெண்ட பால் கேன்ல போட்டு ரயில்ல கொண்டாந்தேன். அழுகை நின்னுச்சு.”

“அப்ப முப்பது வருஷமா காவல் காத்தது?”

“அவ மீனத்தான் காத்தேன் மாப்ளே. நீங்கல்லாம் உங்க மீனுன்னு நெனச்சுக்கிட்டீங்க.”

“சொல்லியிருக்கலாமே.”

“சொன்னா கொன்னிருப்பீங்க.”

* அத்தை இறந்து மூன்று வருடம். யெர்னேய் இப்போதும் அந்த ஜன்னலோரம்தான் உட்காருகிறார்.

4

முடிவு அ: ‘தூய்மை’ என்று எழுதிவிடுகிறேன். ஆனால் தூய ஓடை என்றால் அதன் மீன்களைத்தான் பக்கத்து ஓடைகளுக்கு விதையாக எடுப்பார்கள். என் பொய் பள்ளத்தாக்கு முழுக்க நீந்தும்.

முடிவு ஆ: ‘கலப்பு’. இதைத்தான் எழுதினேன். அனுப்பிவிட்டுக் கழிப்பறையில் நின்று அழுதேன். ஆட்கள் வியாழக்கிழமை வருகிறார்கள்.

இங்கேயே முடித்திருந்தால் கௌரவமான கதை. ஆனால் நடுவில் புதன்கிழமை என்று ஒன்று இருந்தது.

5

புதன் மதியம், ரயில் நிலையம். யெர்னேய் அதே பால் கேனோடு நிற்கிறார். உள்ளே இரண்டு மீன்கள்.

“எங்க மாமா கெளம்பிட்டீங்க?”

“அவ ஊர்ல விட்டுட்டு வந்துர்றேன்.”

“இப்ப இது அந்த ஊர் மீனும் இல்லையே. அங்க போனாலும் இது கலப்பு மீனுதான்.”

“தெரியும். அவளும் அப்படித்தான். இங்க கடைசிவரைக்கும் போஹின்காரி. அங்க போனா, ‘அந்தப் பக்கத்துக்காரி வந்துட்டா’ம்பாங்க.” சட்டைப் பையைத் துழாவினார். “இதக் கொஞ்சம் பிடி, டிக்கெட்டத் தேடறேன்.”

வாங்கிக்கொண்டேன். கவிழ்த்தால் வடக்குத் தண்ணீர் தப்பும். ஏற்றிவிட்டால் இந்தக் கிழவர் இன்னும் கொஞ்ச நாள் தாங்குவார். இரண்டையும் எழுதி, இரண்டையும் கிழித்தேன். ரயில் வந்து நின்றுவிட்டது. அவர் டிக்கெட்டைக் கண்டுபிடித்துவிட்டுக் கையை நீட்டுகிறார். கேனுக்குள் ஒரு மீன் தகரத்தில் முட்டுவது என் விரலுக்குத் தெரிகிறது.

என்னால் முடியவில்லை. நீங்கள் கொஞ்சம் பிடியுங்கள்.