துரை உட்காரும் பக்கம்

"ஒரு வெரல்தான் போவுது," என்றான் ஆம்புரோஸ். காரின் முன்சக்கரத்துக்கும் மட்கார்டைத் தாங்கும் இரும்புக்கும் நடுவே கையை விட்டபடி தரையில் மல்லாந்து கிடந்தான்.

கொட்டகை வாசலில் தேத்தண்ணிக் குவளையோடு நின்ற அவன் மனைவி இசபெல்லா, "எத்தன வெரல் போவணும்?" என்று கேட்டாள்.

"ரெண்டாச்சும் போவணும். சக்கரத்த ஒடிச்சா இரும்பு இன்னும் கிட்ட வரும். ஆளு ஏறிக் குந்துனா வில்லு அமுங்கி மட்கார்டும் எறங்கிரும்."

பெரிய சண்டைக்கு முந்தி வந்த கார் அது. இரண்டே பேர் உட்காரலாம். பந்தயத்தில் ஓடியது என்று ரப்பர்த் தோட்டத்து வெள்ளைக்காரத் துரை கிளப்பில் சொல்லிக்கொள்வார். சுங்காய் வட்டாரத்து மழை அதன் மரச் சக்கரங்களை உளுத்துப்போகச் செய்துவிட்டது. அந்த மாதிரி மரச் சக்கரம் செய்வதையே விட்டுவிட்டார்கள். ஈப்போவில் சீனன் கடையில் இரண்டு ஜோடிகள் கிடைத்தன. ஒன்று கறுப்பு இரும்புச் சக்கரம். பார்க்க மாட்டுவண்டிச் சாமான் மாதிரி இருந்தாலும் பழையதன் உயரமேதான். மற்றது ஏதோ பெரிய காருடையது. உயரம் கூடுதல், தடித்த டயர், பளபளக்கும் கம்பிகள். கடைக்காரர் கயிற்றால் அளந்து, கறுப்பைக் காட்டி "போலே", ஆகும், என்று மலாயில் சொன்னார். பளபளப்பைக் காட்டி "தா போலே", ஆகாது, என்று தலையாட்டினார். ஆம்புரோசும், "பழைய உசரமே இருக்கட்டும், துரை," என்றான். துரை கம்பிச் சக்கரத்தைச் சப்பாத்து முனையால் ஒரு தள்ளுத் தள்ளி, அது உருண்ட அழகைப் பார்த்தார். அதையே வாங்கச் சொன்னார்.

"எடது பக்கம் நீங்க குந்துங்க, துரை பக்கம் நான் குந்துறேன்," என்றாள் இசபெல்லா. "ரெண்டு பேரு கனத்துல இடிக்குதான்னு தெரிஞ்சிரும். இப்ப நானும் துரையும் ஒரே கனந்தான்." மேடிட்ட வயிற்றைத் தடவிச் சிரித்தாள்.

பங்களாப் படிக்கட்டில் வெற்றிலை மென்றுகொண்டிருந்த உடையப்பக் கங்காணி எழுந்தே வந்துவிட்டார். "என்னா பேச்சு இது? லயத்துலேருந்து வந்தவ துரை குந்துற எடத்துல குந்துவியா?"

"கனம் பாக்கத்தான் கங்காணியாரே."

"கனம் பாக்க சாமி பீடத்துல ஏறுவியா? ஆம்புரோசு, நீயே சொல்லுப்பா. என்னிக்காச்சும் நீ அந்தப் பக்கம் குந்தியிருக்கியா?"

"இல்லண்ணே."

அது உண்மை. ஈப்போப் பட்டறையில் கார் ஓட்டப் பழகியவன்தான். ஆனால் இந்தக் காரைத் துரை மட்டுமே ஓட்டுவார். ஆம்புரோஸ் இடப்பக்கம் உட்கார்ந்து போவான். எஞ்சினைக் கிளப்ப முடுக்குக் கம்பியைச் சுற்றுவான், டயர் போனால் மாற்றுவான். கொட்டகைக்குள் விடுவதென்றால் ஆட்கள் தள்ளுவார்கள். துரை சீட்டின் தோலைத் துடைக்கும்போதுகூட வெளியே நின்றே துடைப்பான்.

"வேணாம் இசபெல்லா. எடப்பக்கம் நானே குந்துறேன், அந்தச் சக்கரத்துல நீ கைய விட்டுப் பாரு. ரெண்டு பக்கமும் ஒண்ணுதான்."

அவன் ஏறி உட்கார்ந்தான். நகக்கண் அளவு இடைவெளி மிஞ்சியது. "இடிக்கல," என்றாள். ஆம்புரோஸ் ஒல்லி, துரை அவனைப்போல் இரண்டு மடங்கு. இருவருக்கும் தெரிந்ததுதான். கூலிகள் குடியிருந்த லயத்து ஈரத்தில் காய்ச்சல் கண்டுதான் அவளுடைய முதல் பிள்ளை போனது. பங்களாவுக்குப் பின்னால் துரை இப்போது கொடுத்திருந்த அறைக்குப் பலகைத் தரை. வயிற்றில் இருப்பது அந்தப் பலகைமேல்தான் பிறக்க வேண்டும். வாதாடி அதைக் கெடுத்துக்கொள்வானேன் என்று இருந்துவிட்டாள்.

மறுநாள் பகலில், ரப்பர்ப்பால் சேர்க்கும் ஸ்டோருக்குப் போகும் பாதை இடப்பக்கம் திரும்பும் வளைவில், துரை வேகமாகத் திருப்பினார். அவர் உட்கார்ந்த பக்கம் அமுங்கியது. இரும்பு டயரைக் கிழித்தது. டயர் வெடித்துக் கார் வலப்பக்கம் மழைத்தண்ணீர் ஓடும் கானுக்குப் பாய்ந்தது. கார்ச் சத்தம் கேட்டதும், தோட்டத்து வழக்கப்படி பாதையை விட்டிறங்கி, பால்வாளியோடு கான் ஓரம் ஒதுங்கி நின்றிருந்தாள் கருப்பம்மாள். நடுப்பாதையில் நடந்திருந்தால் பிழைத்திருப்பாள் என்று பெண்கள் பேசிக்கொண்டார்கள். லயத்தில் இசபெல்லாவுக்கு அடுத்த வீட்டுக்காரி. செத்துப்போன பிள்ளையை இசபெல்லாவின் மடியிலிருந்து வாங்கிக்கொண்டு போனவளும் அவள்தான்.

துரைக்கு நெற்றியில் ஒரு கீறல். ஆம்புரோசுக்குத் தோள் முறிந்தது.

பொழுது சாயும் முன்பே கங்காணி அறைக்கு வந்தார். "துரை அடுத்த கப்பல்ல சீமைக்குப் போறாரு. கேசுன்னு நின்னா கப்பல் தவறிரும்."

"அதுக்கு?" என்றான் ஆம்புரோஸ்.

"நீதான் ஓட்டுனேன்னு சொல்லிரு. கொஞ்ச நாளு உள்ள இருந்துட்டு வந்துரலாம்லா. ரூம்பு இவளுக்குத்தான். மருத்துவச்சிய நானே கூட்டியாரேன்."

"சொல்லலன்னா?" என்றாள் இசபெல்லா.

"லயத்துல ஒங்க பழைய வீடு காலியாத்தான் இருக்கு. பக்கத்து வீட்டுலயும் இப்ப ஆளு கொறஞ்சு போச்சு."

"அந்தப் பக்கம் யாரும் குந்தக் கூடாதுன்னீங்க. இவரு எப்ப குந்துனாரு?"

கங்காணி முகம் மாறவே இல்லை. "இன்னிக்குக் குந்துனாரு," என்று சொல்லிவிட்டுக் குடையை எடுத்துக்கொண்டார்.

அவர் போனபின் ஆம்புரோஸ், "நீ என்ன சொல்ற?" என்றான்.

"எம்புள்ளயத் தூக்கிட்டுப் போனவ அவ."

"அதான் கேக்குறேன்."

அவள் பாயை விரித்தாள். "பலகையில படுத்தா இடுப்பு வலிக்க மாட்டேங்குது," என்றாள். அவன் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான்.

மறுநாள் காலை போலீஸ் துரை வந்தபோது காரைக் கயிறு கட்டிக் கானிலிருந்து இழுத்து நிறுத்தியிருந்தார்கள். எப்படி ஓட்டினான் என்று உட்கார்ந்து காட்டச் சொன்னார். ஆம்புரோஸ், கட்டுப்போட்ட தோளோடு, பழக்கத்தில் இடப்பக்கம் போனான்.

"அந்தப் பக்கம்ப்பா," என்றார் கங்காணி.

சுற்றிவந்து ஏறினான். துரையின் நீண்ட காலுக்கென்று பின்னுக்குத் தள்ளிப் பூட்டிய சீட்டு. அவன் கால் பிரேக் மிதிக்கு எட்டவில்லை. போலீஸ் துரை சுருட்டைப் பற்றவைத்தபடி ரப்பர் மரங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். கங்காணி தலைப்பாகையை அவிழ்த்து மடித்து ஆம்புரோசின் முதுகுக்குப் பின்னால் சொருகினார். அப்போதும் எட்டவில்லை.

கருப்பம்மாளின் புருஷன் ஐயாவு, சுடுகாட்டில் போட்ட மொட்டையோடு இசபெல்லாவின் அருகில் வந்து நின்றான். "எட்டல பாத்தியா, தாயி," என்றான் மெதுவாக.

கங்காணி திரும்பி அவளைப் பார்த்தார். இசபெல்லா தோளில் போர்த்தியிருந்த கம்பளியை எடுத்து நான்காக மடித்தாள். கூட்டத்தை விலக்கிக்கொண்டு காருக்குப் போய், புருஷனின் முதுகுக்குப் பின்னால் அதைத் திணித்தாள். ஆம்புரோஸ் அவள் முகத்தைப் பார்க்காமல் காலை நீட்டினான். செம்மண் அப்பிய பெருவிரல் மிதியின் விளிம்பைத் தொட்டது, வழுக்கியது, மறுபடியும் தேடியது.