டீட்ரிக் கையிலிருந்த காபி

நெப்ராஸ்காவின் அந்தச் சின்னக் கல்லூரியில் ஆங்கில வகுப்புக்கென்று ஒரு வழக்கம் உண்டு. எழுதியவன் தன் கட்டுரையைத் தானே வாசிக்கக் கூடாது. வேறொருவர் உரக்க வாசிப்பார், மற்றவர்கள் பேசுவார்கள், எழுதியவன் வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருக்க வேண்டும். கோல்பி நோவாட்னிக்கு இது சுத்தப் பைத்தியக்காரத்தனமாகப் பட்டது. டிராக்டர் பழுதுபார்க்கப் படிக்க வந்தவன் அவன். ஆங்கிலத்தில் தேறாமல் சான்றிதழ் கிடையாதாம், அதனால் வேண்டா வெறுப்பாக வந்து உட்கார்ந்தான்.

முதல் கட்டுரையில் அப்பா செத்ததை நாலே வரியில் எழுதியிருந்தான். மக்காச்சோளக் குதிருக்குள் இறங்கினார், சோளம் சரிந்தது, மூச்சு முட்டிச் செத்தார். பள்ளிக்கூடம் கூப்பிடு தூரம்தான், என்னை யாரும் கூப்பிடவில்லை. அவ்வளவுதான். ஆசிரியை ஹால்வர்சன் ஓரத்தில், "கண்ணால் பார்க்கிற மாதிரி எழுது" என்று குறித்துக் கொடுத்தார்.

பார்க்க அவன் அங்கே இருந்தால்தானே? ஆனாலும் எழுதினான். எழுத எழுதக் கை பழகிவிட்டது, அதில் சந்தேகமே இல்லை. குதிரின் தகரச் சூடு வந்தது, தொண்டையை அறுக்கிற சோளத்தூசி வந்தது. மூன்றாம் முறை எழுதும்போது ஒரு வரி தானாக வந்து விழுந்தது: "மேஸ்திரி வாசலில் சாய்ந்து காபி குடித்துக்கொண்டிருந்தார்."

அப்பாவை வேலை வாங்கிய மேஸ்திரியைப் பற்றி அப்படி யாரும் அவனிடம் சொன்னதில்லை. ஆனால் வருஷக்கணக்காக மனசைக் குடைந்த கேள்விக்கு அது பதில் மாதிரி இருந்தது. பக்கத்திலிருந்த பிள்ளையைக் கூப்பிடாத மனுஷன் வேறென்ன செய்துகொண்டிருந்திருப்பான்? ஆசிரியை அந்த வரிக்குக் கீழே கோடு போட்டு, "இதுதான் எழுத்து" என்றார். பயலுக்கு அன்றைக்குக் கால் தரையில் பாவவில்லை.

அடுத்த வாரம் பனி கொட்டியது. வழக்கமாக அவனுடையதை வாசிக்கிறவன் வரவில்லை. ஆசிரியை காகிதத்தை ப்ரினாவிடம் நீட்டினார். ப்ரினா அந்த மேஸ்திரி டீட்ரிக்கின் மகள். கோல்பியும் அவளும் ஒரே ஊர்தான், ஆனால் சாவுக்குப் பிறகு இரண்டு வீட்டுக்கும் பேச்சுவார்த்தை இல்லை. வெளியூரிலிருந்து வரும் ஆசிரியைக்கு இதெல்லாம் எப்படித் தெரியும், பாவம்.

அவள் குரல் எங்கேயும் தடுமாறவில்லை. காபி வரி வந்தது, அதையும் வாசித்தாள். கோல்பிக்குக் காது இரண்டும் எரிந்தன.

"அந்தக் காபி இருக்கே, செம," என்றான் ஒருத்தன். "அந்தாளு கழுத்தை நெரிக்கணும் போல இருக்கு."

ப்ரினா காகிதத்தை மடித்தாள். "நல்லாத்தான் எழுதியிருக்கான். வாசிக்கறப்போ ஒரு நிமிஷம் நானே நம்பிட்டேன்," என்றாள்.

சொந்த அப்பனைப் பற்றி ஒரு மகளையே நம்ப வைத்துவிட்டான். வெட்கம் பிடுங்கித் தின்றது.

அந்த வரியை அடித்துவிட்டான். ஆசிரியைக்குப் பொறுக்கவில்லை.

"ஏம்ப்பா, அதுதானே கட்டுரைக்கு உயிரு?"

"அது பொய், மிஸ்."

"அப்போ அந்த இடத்துல என்ன வைக்கப் போறே?"

"தெரியாதுன்னு வைக்கிறேன்."

கடைசி வகுப்பில் காகிதத்தை அவனே கொண்டுபோய் ப்ரினா முன்னால் வைத்தான். அவள் ஒன்றும் கேட்காமல் வாசிக்கத் தொடங்கினாள்.

"மேஸ்திரி எங்கே நின்றார் என்று எனக்குத் தெரியாது. என்னை ஏன் யாரும் கூப்பிடவில்லை என்றும் தெரியாது. நான் அங்கே இல்லை. காபி குடித்தார் என்று முன்பு எழுதியது நான் கட்டிய கதை."

அதற்கு மேல் வாசிக்காமல் காகிதத்தைக் கீழே வைத்தாள். பேச வேண்டியது எழுத்தைப் பற்றித்தான். ஆனால் அவள் நேராகக் கோல்பியைப் பார்த்தாள்.

"எங்கப்பா உள்ளே இறங்கி, உங்கப்பாவைக் கயித்துல கட்டி இழுத்துப் பிடிச்சிட்டிருந்தாரு. உங்கப்பாவுக்கு நெஞ்சு வரைக்கும் சோளம். ஆனா பேசிட்டுதான் இருந்தாராம். 'பையனைக் கூட்டியாரச் சொல்லவா'ன்னு எங்கப்பா கேட்டிருக்காரு."

அவன்மேலிருந்து கண்ணை எடுக்காமல் மேலே சொன்னாள்.

"'வேணாம்ப்பா, அவன் இதைப் பாக்க வேணாம். பாத்தா காலத்துக்கும் அவன் கண்ணை விட்டுப் போகாது'ன்னாராம். அப்புறந்தான் மறுபடியும் சரிஞ்சிருக்கு. இதைச் சொல்லத்தான் ரெண்டு தடவை உங்க வீட்டுக்கு வந்தாரு. உங்கம்மா கதவைத் திறக்கல."

எழுதியவன் பேசக் கூடாது என்பது விதி. கோல்பி மேசைமேல் தலையைக் கவிழ்த்து அழுதான். அவன் எழுத்தைப் பற்றி அன்று யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஆசிரியை பேனாவை மூடி வைத்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

எல்லோரும் கிளம்பும்போது அவன் ப்ரினா பக்கத்தில் போய் நின்றான்.

"உங்கப்பா வீட்டுல இருப்பாரா?"

"இருப்பாரு." கோட்டை மாட்டிக்கொண்டே சொன்னாள், "காபி குடுத்தா வேணாம்னு சொல்லிடாதே."