மச்சான் விழுங்கிய மாமாவின் மாத்திரை

இதில் ஒரு சொல் பொய்யென்றாலும் சொன்ன நாக்கு அழுகிப் போகட்டும். நடந்தது நடந்தபடியே வருகிறது. கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை.

வார்டே ‘சின்ன சிஸ்டர்’ என்று கூப்பிட்ட அந்த நர்ஸுக்கு வேலை நிரந்தரமாக ஒரு கையெழுத்துதான் பாக்கி. போட வேண்டியவர் பெரிய சிஸ்டர். அவர் வார்டுக்குள் கால் வைத்தால் காய்ச்சல் தானாக இறங்கிவிடும்.

அங்கே ஒரு மாமாவும் மச்சானும் அடுத்தடுத்த கட்டிலில் கிடந்தார்கள். வெள்ளையடிக்க ஏணியில் ஏறியவர் மாமா. ஏணியைப் பிடித்தவர் மச்சான். மாமா விழுந்தார், மச்சானின் தலைமேல். மாமாவுக்குத் தோள் முறிந்தது, மச்சானுக்கு மண்டை வீங்கியது. மாமாவின் வலி மாத்திரை ஆளைத் தூக்கத்தில் தள்ளிவிடும். மச்சானுக்கு அது ஆகவே ஆகாது. தலையில் அடிபட்டவர் தெளிவாக இருக்கிறாரா என்று பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும்.

மாத்திரை கொடுக்குமுன் நோயாளி தன் வாயால் பேரைச் சொல்ல வேண்டும் என்பது முறை. மாமாவிடம் கேட்டால் எரிந்து விழுவார்.

“காலையிலயும் கேட்டே, மத்தியானமும் கேக்கறே. என் பேரைப் போட்டு பத்திரிகையா அடிக்கப் போறே?”

அன்று மதியம் மாமாவின் கட்டிலில் தலையையும் மூடிய ஒரு போர்வை. எதற்கு வம்பு என்று சின்ன சிஸ்டர் பேரைக் கேட்கவில்லை. போர்வைக்குள்ளிருந்து ஒரு கை நீண்டது, மாத்திரையை வைத்தாள், கை உள்ளே போனது. மின்விசிறிக் காற்றுக்காக இருவரும் கட்டில் மாறிக்கொண்டது அவளுக்குத் தெரியாது.

சற்றைக்கெல்லாம் குறட்டை கிளம்பியது. ஜன்னல் திரை அவர் மூக்குவரை போய்ப் போய்த் திரும்பியது. வாசலில் ஆம்புலன்ஸ் ஓட்டுநர், பின்னால் இன்னொரு ஆம்புலன்ஸ் வருகிறதென்று வண்டியை ஒதுக்கினார். பக்கத்துக் கட்டடத்தில் எடுத்த எக்ஸ்ரே எல்லாம் நடுங்கிப்போய், எல்லாருக்கும் விலா எலும்பு இரட்டிப்பாக விழுந்தது.

டாக்டர் ஓடிவந்து போர்வையை விலக்கினார். மச்சான்! உலுக்கினாலும் எழவில்லை.

“தலைக்குள்ள ரத்தம் கசியுது போல. ஆபரேஷனுக்குத் தயார் பண்ணுங்க!”

பக்கத்துக் கட்டிலிலிருந்து மாமா முனகினார். “ஏம்மா, வலி உயிர் போகுது. என் மாத்திரை எங்க?”

சின்ன சிஸ்டருக்கு விஷயம் புரிந்துவிட்டது. வாயைத் திறந்தால் வேலை போகும். திறக்காவிட்டால் மச்சானின் மண்டையைத் திறந்துவிடுவார்கள். அவள் யோசித்த நேரத்தில் ஒரு கொசு கூடக் கடித்து முடித்திருக்காது.

“டாக்டர், மாமாவோட மாத்திரையை இவருக்குக் குடுத்துட்டேன். தப்பு என்னுது.”

டாக்டர் கத்தியை மறந்து ஸ்கேன் எடுத்தார். தலைக்குள் ஒன்றுமில்லை. மாமா அதை முன்பே சொல்லியிருந்தாராம். மச்சான் விழிக்கும்வரை சின்ன சிஸ்டர் பக்கத்தைவிட்டு நகரவில்லை. நாடியும் மூச்சும் பார்த்தபடியே இருந்தாள்.

“என்ன சிஸ்டர், அழுவறீங்க? செத்துட்டேனா?”

“இல்லண்ணே.”

“அப்ப இன்னும் கொஞ்சம் தூங்கிக்கறேன். கல்யாணத்துக்கப்புறம் இப்படித் தூங்கினதே இல்ல.”

வேலை முடிந்ததும் நர்ஸுகள் கூடி, அன்று செய்ததையும் சறுக்கியதையும் அவரவர் வாயால் சொல்வது அங்கே வழக்கம். சின்ன சிஸ்டர் ஒன்றையும் விழுங்காமல் சொன்னாள்.

“ஏன் பேரைக் கேக்கல?” என்றார் பெரிய சிஸ்டர்.

“திட்டுவாருன்னு பயந்துட்டேன், சிஸ்டர்.”

“அதாவது, உன் காதைக் காப்பாத்திக்கிட்டே.”

“ஆமா.”

“நாளைக்கு?”

“திட்டட்டும். போர்வையை விலக்கி, முகத்தைப் பாத்து, பேரையும் கேப்பேன்.”

“அவங்க கட்டில் மாறினதை நான் பாத்தேன். தடுக்காம விட்டது என் தப்பு, அதையும் சேத்துக்கோ.” பெரிய சிஸ்டர் பேனாவைத் திறந்தார். “நீ மறைச்சிருந்தா இப்பவே வீட்டுக்கு அனுப்பியிருப்பேன், கழுதை. கண்ணைத் துடை.”

கையெழுத்து விழுந்தது. மறுநாள் முதல், அவள் செருப்புச் சத்தம் கேட்டாலே மாமா தன் பேர், அப்பா பேர், தாத்தா பேர் எல்லாவற்றையும் மூச்சுவிடாமல் ஒப்பித்தார்.

அது பிரசவ ஆஸ்பத்திரி. ஆண்களை அங்கே சேர்ப்பதே கிடையாது.